பீரங்கிக்குத் தலைப்பிரசவம்

பெரிய சர்க்கார் ஒரு சீமைக்குப் பரிசு அனுப்பினால், அதை வாங்கிக்கொண்ட சீமை ஒரு வருஷத்தில் காணாமல் போய்விடும் என்பதும், வேண்டாம் என்று சொன்ன சீமை ஒரு மாதத்திலேயே காணாமல் போய்விடும் என்பதும் மேற்குமலை அடிவாரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்த காலத்தில், இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற அவகாசத்தை இழுத்துப் பிடித்து நீட்டுவதற்கென்றே ஒவ்வொரு சீமையிலும் தானாபதி என்று ஒருவரை வைத்திருந்தார்கள். மருதங்கால் சீமைக்கு அம்பலவாண பிள்ளை தானாபதி. அண்டை ராஜ்யத்துக்காரன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், வெயிலைப் பற்றியும் ஆற்றுத் தண்ணீரைப் பற்றியும் பேசிப் பேசியே பொழுது சாய்த்துவிடுவார். அந்தப் பழக்கம் முற்றிப்போய், சாப்பிட வாங்க என்று மனைவி கோமதியம்மாள் கூப்பிட்டால்கூட, "பார்க்கலாம்" என்றுதான் அவர் வாயில் வரும். வயிற்றுப் புண்ணும் அந்த உத்தியோகத்தோடு கூடவே வந்ததுதான்.

அந்த வருஷம் பெரிய சர்க்காருக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து ராஜாவுக்கும் யுத்தம் மூண்டிருந்தது. மலையைத் தாண்ட வண்டிகள் போகக்கூடிய பாதை ஒன்றே ஒன்று, அது மருதங்காலின் வயல்களுக்கு நடுவே போனது. படையைக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று சர்க்காருக்கு ஆசை. ஆனால் சர்க்கார் எதையும் முரட்டுத்தனமாகச் செய்வதில்லை. தெற்கே இருந்த வேப்பங்காட்டுச் சீமைக்குப் போன வருஷம் ஒரு பீரங்கியைச் சிநேகிதத்தின் அடையாளமாகக் கொடுத்தார்கள், பிறகு பீரங்கிக்குக் காவலாக ஒரு படை வந்தது, படைக்குச் சமைக்க ஆள் வந்தான், சமையலுக்கு நெல் எடுக்க ஆள் வந்தான், நெல் எடுத்தவனே வரியும் எடுத்தான், இன்றைக்கு வேப்பங்காட்டுச் சீமைக்குத் தெற்குத் தாலுகா நான்காம் பிரிவு என்று பெயர். அங்கேயிருந்த தானாபதி இப்போது அந்தப் படைக்கு வைக்கோல் அளந்துகொண்டிருந்தார்.

சித்திரையில் மருதங்காலுக்கும் ஒரு பீரங்கி வந்தது. அதைக் கொண்டுவந்த விட்லோ துரை, மற்றத் துரைமார்களைப் போல இல்லாமல், கொஞ்சம் மரியாதை தெரிந்தவன், தமிழ் படித்தவன், கல்யாணமாகாதவன். இந்த ஊர்களில் ஒரு பொருளை மிக உயர்ந்த மரியாதையோடு ஒரு வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்று அவன் ஒரு வருஷமாகக் கவனித்துப் பார்த்திருந்தான். அவன் பார்த்ததிலேயே பெரிய மரியாதை, கல்யாணமான பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிற ஊர்வலம். ஆகவே வெண்கலப் பீரங்கிக்கு எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, பட்டுச் சுற்றி, மாலை போட்டு, வில்வண்டியில் ஏற்றி, முன்னால் மேளமும் பின்னால் தட்டுத் தட்டாகத் தேங்காய், பழம், வெல்லம், குத்துவிளக்கு, பாத்திரம் பண்டமும், கடைசியில் ஒரு மெத்தையும் இரண்டு தலையணைகளும் வைத்து அனுப்பிவிட்டான்.

கோட்டை வாசலில் கூடியிருந்த பெண்கள் இதைப் பார்த்தார்கள். பார்த்தபிறகு யாரும் யாரையும் யோசனை கேட்கவில்லை. ஒருத்தி ஓடிப்போய் ஆரத்திக்கு ஆலம் கரைத்துக்கொண்டு வந்தாள், இன்னொருத்தி வண்டிக்காரனை அதட்டி வலது சக்கரத்தை முதலில் உள்ளே வைக்கச் சொன்னாள், பீரங்கியின் வாயில் பாலும் பழமும் ஊட்டினார்கள், வெண்கலத்தாயி என்று பேர் வைத்தார்கள், கோட்டை மேட்டில் யார் நினைவுக்கும் எட்டாத காலமாக வெடிக்காமல் துருவேறிக் கிடந்த இரும்புப் பீரங்கி கரிமுத்துவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கரிமுத்துவின் வாய்க்குள் ஒரு அணில் குடியிருந்தது. அந்த வாரமே அது வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

"இது நம் நட்பின் அடையாளம்" என்றான் துரை, ராணி சொக்கநாச்சியாரின் சபையில். "தினமும் உச்சிவேளையில் இதை வெடிக்க வேண்டும். நீங்கள் யாருடைய நண்பர்கள் என்பது மலைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும். பிசான நெல் அறுவடைக்கு முன்பாக இதைப் பாதுகாக்க எங்கள் படை வரும். நீங்கள் சிரமப்பட வேண்டாம்."

அம்பலவாண பிள்ளை அந்த வருஷத்து வெயிலைப் பற்றி நெடுநேரம் பேசினார். துரை போனபிறகு ராணி சொன்னாள்: "பிள்ளைவாள், திருப்பி அனுப்பினா சண்டை. வச்சுக்கிட்டா படை. இந்த ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு கண்டுபிடியும். அறுப்புக்குள்ள கண்டுபிடியும்."

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று சீக்கிரமே சேர்ந்துகொண்டது. ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய ஒரே மகள் உலகம்மை முழுகாமல் இருக்கிறாள் என்று ஆனியில் சேதி வந்தது. கோமதியம்மாள் சர்க்கரை வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தாள். பிள்ளை விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தார், மாசியில் வந்து நின்றது. மாசியில்தான் அறுவடை, மாசியில்தான் படை. தன் பேரப்பிள்ளை மருதங்கால் சீமையில் பிறக்குமா, மேற்குத் தாலுகா ஐந்தாம் பிரிவில் பிறக்குமா என்று அவர் திரும்பவும் ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

அந்த ஆனியில்தான் ஒரு நாள் உச்சிவேளையில் வெண்கலத்தாயி வெடிக்க மறுத்தாள். மருந்து கெட்டித்து, குண்டு போட்டு, திரியில் நெருப்பும் வைத்தாயிற்று. அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது, ஒரு ஓங்கரிப்புச் சத்தம் கேட்டது, மருந்தையெல்லாம் தரையில் கக்கிவிட்டு, கடைசியில் குண்டையும் மெதுவாகத் துப்பினாள். குண்டு உருண்டுவந்து பிள்ளையின் காலடியில் நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வெடிமருந்தின் வாடை பட்டதுமே அவளுக்குக் குமட்டியது. தெப்பக்குளத்துப் படிக்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மருத்துவச்சி வேலம்மை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறிவந்து, வெண்கலத்தாயியின் வயிற்றில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நல்ல சமாச்சாரந்தான்" என்றாள். "மசக்கை. இனிமே இவளை வெடிக்கச் சொல்லி இம்சை பண்ணாதீக."

யாரும் ஆச்சரியப்படவில்லை. மெத்தையும் தலையணையும் எதற்காக அனுப்பினார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே மாங்காய்க் கீற்றோடு ஒரு கூட்டம் வந்தது. புளியோதரையைத் துப்பினாள், எலுமிச்சை ஊறுகாயைச் சாப்பிட்டாள், அடுப்புச் சாம்பல் கொஞ்சம் கேட்டுச் சாப்பிட்டாள். கர்ப்பிணி வெயிலில் நிற்கக்கூடாது என்று பந்தல் போட்டார்கள். கிரகணத்தன்று ஜமுக்காளத்தால் போர்த்திவிட்டு, கோட்டைக் காவலர்கள் யாரும் அரிவாளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், காவலர்கள் வெறுங்கையோடு கோட்டையைக் காத்தார்கள். கொல்லன் தானாகவே வந்து, தகப்பனாகப் போகிறவன் கிடக்கிற லட்சணமா இது என்று திட்டியபடியே கரிமுத்துவின் துருவைச் சுரண்டித் துடைத்து எண்ணெய் தடவிவிட்டுப் போனான். ஆவணிக்குள் வெண்கலத்தாயியின் நடுவயிறு பார்த்த கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மேடிட்டது. ஊரிலேயே இதைப் பார்த்து வெட்கப்பட்டவர் அம்பலவாண பிள்ளை ஒருவர்தான். யுத்த காலத்தில், அண்டை ராஜ்யத்தின் பீரங்கி விஷயத்தில், ஒரு தானாபதி துரைக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பெரியவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

உச்சிவேளைச் சத்தம் நின்றுபோனது பற்றி விசாரிக்க விட்லோ துரை குதிரையில் வந்தான். வயிற்றைப் பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். தட்டிப் பார்த்தான், உள்ளேயிருந்து ஏதோ திருப்பித் தட்டியது.

"இதற்கு யார் காரணம்?" என்று கத்தினான்.

ஒரு பெண்பிள்ளையைப் பற்றி நாலு பேர் நடுவில் கேட்கிற கேள்வியா இது என்று எல்லாருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. எண்ணெய் மினுமினுக்க நின்ற கரிமுத்துவை மட்டும் யாரும் பார்க்காமல் பார்த்தார்கள். கடைசியில் வேலம்மைதான் சொன்னாள்: "கட்டிக்குடுத்து அனுப்பினவுகளே இப்படிக் கேட்டா எப்படி அய்யா? எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு."

வெண்கலம் வெயிலில் விரிவது இயற்கை என்று துரை தனக்குத்தானே ஒரு முடிவு சொல்லிக்கொண்டு திரும்பிப்போனான். ஐப்பசி அடைமழையிலும் அது விரிந்துகொண்டுதான் இருந்தது.

கார்த்திகையில் உலகம்மைக்கு வளைகாப்பு முடிந்து, அவளுடைய மாமியாரே வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து பிறந்த வீட்டில் விட்டாள். பிள்ளைக்கும் அந்தச் சம்பந்தியம்மாளுக்கும் எப்போதும் கொஞ்சம் உரசல் உண்டு. வண்டியிலிருந்து மகள் இறங்குவதற்கு முன்பே பெட்டியும் மூட்டையும் பாயும் இறங்குவதைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

"என்ன சம்பந்தியம்மா, மொத்தமா அனுப்பிச்சிட்டீகளா?" என்று கேட்டுவிட்டார்.

"என்ன பேச்சுப் பேசுதீக!" என்றாள் அந்த அம்மாள், அவருக்கு மேல் சத்தமாக. "திருப்பி அனுப்ப எங்களுக்கென்ன கேடு? தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான? பிள்ளையப் பெத்து, கையில குடுத்து, சீரோட கொண்டுவந்து விட வேண்டியது உங்க பாடு. அதுவரைக்கும் எங்க வீட்டுல இருந்து ஒரு ஈ காக்கா வந்து உங்களைத் தொந்தரவு பண்ணுமா?"

உலகம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். "அப்பா, ஏன் இப்படி நிக்கீக? எனக்குக் கால் கடுக்குது, உள்ள போவோமா?"

பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார். திருப்பி அனுப்பவில்லை. வைத்துக்கொள்ளவும் இல்லை. மகளின் தலையில் கையை வைத்துத் தடவிவிட்டு, மேல்துண்டைக்கூட எடுக்காமல் அரண்மனைக்கு ஓடினார். ராணி முழுவதையும் கேட்டாள், ஒரு நாழிகை சிரித்தாள், பிறகு வெற்றிலைத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் எல்லைக்கு அப்பால் இருந்த துரையின் கூடாரத்தில் பிள்ளை அந்தத் தட்டை நீட்டினார். "பொண்ணுக்கு ஏழாம் மாசம். பிறந்த வீட்டுக்காரங்க வந்து வளையல் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போகணும். முறையா அழைக்க வந்திருக்கேன்."

"அது பரிசு" என்றான் துரை. "பெண் அல்ல."

"அப்படியா? பொண்ணு இல்லேன்னா நீங்க எங்களுக்குச் சொந்தம் இல்ல. சொந்தம் இல்லாதவுக படை எங்க ஊருக்குள்ள எதுக்கு வரணும்?"

"பெண் என்றால்?"

"பொண்ணுன்னா கூட்டிக்கிட்டுப் போங்க. பிள்ளை பிறந்ததும் நீங்களே கொண்டுவந்து விடுங்க. அதுவரைக்கும் உங்க ஆள் ஒருத்தரும் ஆயுதத்தோட எங்க எல்லைக்குள்ள வரப்படாது. மாசமா இருக்கிறவ புருஷன் வீட்டுக்கு ஒண்ணுன்னா அவ மனசு தாங்குமா?"

துரைக்குக் கோபம் தலைக்கேறியது. போரை மூட்டிவிடுவேன் என்றான், கவர்னரிடம் சொல்கிறேன் என்றான், சொல்லியும் விட்டான். ஆனால் யுத்த காலத்துக் கவர்னருக்கு எத்தனை பீரங்கி இருந்தாலும் போதாது. குட்டி போடுகிற பீரங்கி ஒன்று தன் கையில் இருந்தால் வார்ப்படச் சாலையே வேண்டாம், வருஷத்துக்கு ஒன்று, அந்தக் குட்டிகளுக்குக் குட்டி என்று கவர்னர் மனத்துக்குள்ளேயே ஒரு பெரிய படையை வளர்த்துவிட்டார். அவர்கள் கேட்கிற சடங்கெல்லாம் செய்து, வண்டி அதிராமல் உடனே கொண்டுவா என்று துரைக்கு உத்தரவு வந்தது.

வளைகாப்பைப் பற்றி மருதங்காலில் இன்றைக்கும் பேசுவார்கள். வண்டிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தில் கண்ணாடி வளையல்களை வரிசையாகக் கட்டி, அதை வெண்கலத்தாயியின் கழுத்தில் மாட்ட வேண்டியவன் அண்ணன் முறைக்காரன் என்பதால் விட்லோ துரையை மணையில் உட்கார வைத்தார்கள். பெண்வீட்டுக்காரன் என்று தெரிந்தபிறகு அவனை யார் சும்மா விடுவார்கள்? கன்னத்தில் சந்தனத்தை அப்பினார்கள், மூக்கில் அப்பினார்கள், அவன் நிறத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள், எலுமிச்சைச் சாதத்தை இலை கொள்ளாமல் வைத்து முழுக்கச் சாப்பிட்டால்தான் எழுந்திருக்க விடுவோம் என்றார்கள். அவன் முதலில் விறைத்துக்கொண்டு இருந்தான். வளையலை மாட்டி முடித்தபிறகு, தனக்கு ஒரு தங்கை இருந்ததாகவும், அவள் கல்யாணத்துக்குப் போகக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்றும், முதல் பிரசவத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றும், அந்தச் சேதி கப்பலேறித் தன்னிடம் வந்து சேர ஒரு வருஷமாயிற்று என்றும் பக்கத்தில் இருந்த கோமதியம்மாளிடம் அவன் சொன்னான். கோமதியம்மாள் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் அப்பளம் வைத்தாள். வண்டி புறப்பட்டபோது கரிமுத்துவின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. பனி என்றார் பிள்ளை, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப்பிறகு சர்க்கார் கோட்டையில் நடந்தது மருதங்காலுக்கு வதந்தியாகத்தான் வந்தது. வெண்கலத்தாயியைக் கொண்டுபோய் மற்றப் பீரங்கிகளின் வரிசையில் நிறுத்தினார்களாம். இராத்திரிகளில் அவள் என்ன கதை சொன்னாளோ, தை பிறப்பதற்குள் வரிசையில் ஒவ்வொன்றாக மருந்தைக் கக்க ஆரம்பித்தனவாம். போர்முனையில் சர்க்காரின் பீரங்கிகள் குண்டுகளைத் தங்கள் காலடியிலேயே துப்பிவிட்டு மாங்காய்க்கு ஏங்கி நின்றனவாம். மலைக்கு அந்தப் பக்கத்து ராஜா முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாராம், பிறகு தன்னுடைய பீரங்கிகளையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தாராம். சமாதானம் பேசுகிறார்கள் என்று ஒரு வண்டிக்காரன் சொன்னான். இல்லை, கவர்னர் கொதித்துப்போய் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் காரணமான மருதங்காலைத் தரைமட்டமாக்கப் படை கிளம்பிவிட்டது என்று அடுத்த வண்டிக்காரன் சொன்னான். பிள்ளை இரண்டாமவன் சொன்னதைத்தான் நம்பினார். அவர் உத்தியோகம் அப்படி.

மாசியில், நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்ற ஒரு காலையில், உலகம்மைக்கு வலி கண்டது. வேலம்மை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் பிள்ளை குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோதுதான் காவல்காரன் வந்து, கிழக்கே எல்லைக்கல் பக்கம் புழுதி எழும்புகிறது என்று சொன்னான்.

"போயிட்டு வாங்க" என்றாள் கோமதியம்மாள், வெந்நீர்ச் செம்போடு நின்றபடி. "இங்க நீங்க இருந்து எதுவும் ஆகப்போறதில்ல."

அவர் போனார். வரப்பில் அவர் வேட்டி நெற்கதிர்களை உரசிக்கொண்டு போனது. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக நின்று, புழுதியையே பார்த்தார். புழுதிக்குள்ளிருந்து முதலில் சிவப்புச் சட்டைகள் தெரிந்தன. சிப்பாய்கள்தான். வரிசை வரிசையாக வந்தார்கள். எல்லாம் முடிந்தது, பேரப்பிள்ளை ஐந்தாம் பிரிவில்தான் பிறக்கப்போகிறது என்று நினைத்து, வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் சத்தம்போட்டு அழுதார். அழுதுகொண்டே பார்த்ததால் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. சிப்பாய்களின் தோளில் துப்பாக்கி இல்லை. ஒவ்வொருவன் கையிலும் ஒரு தட்டு இருந்தது. அவர்களுக்குப் பின்னால் வண்டியில், மெலிந்து, களைத்து, நெற்றியில் மஞ்சளோடு வெண்கலத்தாயி வந்தாள். எல்லாருக்கும் முன்னால் விட்லோ துரை குதிரை இல்லாமல், தொப்பி இல்லாமல் நடந்து வந்தான். அவன் கைகளில் ஒரு துணிச்சுருள் இருந்தது. ஒரு கை அடியில் ஏந்தியிருந்தது, இன்னொரு கையை விரித்துத் தலைமாட்டைத் தாங்கியிருந்தான், மேடுபள்ளம் வந்தபோதெல்லாம் காலைப் பார்க்காமல் அதையே பார்த்தான். பச்சைப்பிள்ளையைத் தவிர வேறு எதையும் யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

கல்லுக்கு அந்தப் பக்கமே துரை நின்றுவிட்டான். மற்றப் பீரங்கிகளையும் கெடுத்துவிட்ட வெண்கலத்தாயியை எங்கேயாவது தொலைத்துவிட்டு வா என்றுதான் கவர்னர் சொன்னாராம். சீரும் சிப்பாய்களும் துரையின் சொந்த ஏற்பாடு. துணியை விலக்கிக் காட்டினான். முழ நீளத்தில் ஒரு குட்டி, அம்மாவின் மினுமினுப்பு, தோளில் மட்டும் அப்பாவின் துரு ஒரு சின்ன மச்சமாகப் படிந்திருந்தது. அது வாயைத் திறந்து ஒருமுறை தும்மியது, சாம்பிராணிப் புகை அளவுக்கு ஒரு புகை வந்தது.

"பால் குடித்துவிட்டுத் தூங்கினான்" என்றான் துரை, மிகவும் கவலையாக. "வெயிலில் எழுந்துவிட்டான்."

அந்த நேரத்தில் ஊருக்குள்ளிருந்து, வயல்களுக்கு மேலாக, பெண்களின் குலவைச் சத்தம் கேட்டது. பிள்ளை திரும்பிப் பார்த்தார். அது தன் வீட்டுத் திசையிலிருந்துதான் வருகிறது என்று நிச்சயம் செய்துகொண்டபிறகுதான் துரையின் பக்கம் திரும்பினார்.

துரை எல்லைக்கல்லைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். படித்த தமிழில், தயங்கித் தயங்கி, "உள்ளே வரலாமா, சம்பந்தி?" என்று கேட்டான்.

அம்பலவாண பிள்ளை வெயிலைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"வாங்க" என்றார். குழந்தையை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினார். துரை கொடுக்கவில்லை, அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.